சக்கரங்களைக் கழற்றியவன்

அந்த ஜீப்பை நான் முதன்முதலாக வீட்டுக்கு ஓட்டி வந்த அன்று, என் மனைவி அதை ஒரு தடவை சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுல மழை பேஞ்சா எங்கங்க ஒதுங்கறது?" என்று மட்டும் கேட்டாள். மேலே கேன்வாஸ் கூரை, பக்கங்களில் ஒன்றுமில்லை. ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்டு, அதன்பின் இரண்டு மூன்று கைமாறி என்னிடம் வந்த வண்டி. வயதில் என்னைவிடக் கொஞ்சம்தான் இளையது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் பொறியாளராக இருந்த என்னைக் கல்கத்தாவுக்கு மாற்றியிருந்தார்கள். பாலிகஞ்சில் ஒரு பழைய மாடிவீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தோம். ஊர் எனக்குத்தான் புதிது, அவளுக்கு இல்லை. அவளுடைய அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். என்னோடு தமிழில் பேசிக்கொண்டே இருப்பாள், வாசலில் காய்கறிக்காரர் குரல் கேட்டதும் வாக்கியத்தின் பாதியிலேயே வங்காளத்துக்குத் தாவிவிடுவாள். என் வங்காளமோ டாக்ஸிக்காரருக்கு வழி சொல்லும் அளவைக் கடைசிவரை தாண்டவில்லை. இதை இங்கே சொல்லக் காரணம், பிறகு நடந்த பேச்சுகளில் பெரும்பகுதி அவள் வழியாகத்தான் எனக்கு வந்து சேர்ந்தது.

பெரிய டயர் போட வேண்டும் என்ற எண்ணம் ஒரு கடற்கரையில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்காலி வரை போயிருந்தோம். நான் பெருமைக்கு ஜீப்பை மணலில் இறக்கினேன். அந்தக் காலத்து ஜீப்புக்கு வரும் டயர் ஒல்லியானது. சக்கரம் சுற்றச் சுற்ற வண்டி மணலுக்குள் இறங்கிக்கொண்டே போனது. அலை ஏறத் தொடங்கி, தண்ணீர் அச்சைத் தொட்ட பிறகுதான் மீனவர்கள் கயிறு கட்டி இழுத்துப் போட்டார்கள். அதுபோக, ஜூலையில் ஒரு நல்ல மழை பெய்தால் எங்கள் தெருவிலேயே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அகலமான, உயரமான டயர் இருந்தால் இரண்டுக்கும் தீர்வு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அப்படிப்பட்ட சக்கரங்களோடு நிற்கும் ஜீப்புகளின் படங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆசை வந்திருந்தது.

புதிதாக வாங்கக் கட்டுப்படியாகவில்லை. வண்டிகளைப் பிரித்துச் சாமான் சாமானாக விற்கும் சந்துகள் நகரத்தின் நடுவில் உண்டு. அங்கே சில வாரங்கள் அலைந்ததில் ஒரு கடையில் கிடைத்தது. கட்டை கட்டையாகப் புடைத்த பட்டன்கள் வைத்த முரட்டு டயர்கள். டிஸ்க் என்ற இரும்பு வட்டோடு சேர்ந்து ஐந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. கடைக்காரர் ஹிந்தியில் பேசினார்.

"அஞ்சும் ஒரே வண்டிச் சாமான் சார். அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு பொறுக்கினது இல்ல. பிரிக்காம எடுத்துட்டுப் போங்க."

அது எனக்கு ஒரு நல்ல செய்தியாகத்தான் பட்டது. ஒரே தேய்மானம், ஒரே வயது. வேறென்ன வேண்டும்?

பாலிகஞ்ச் ஸ்டேஷனை ஒட்டி, தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டியபடி ஒரு பட்டறை இருந்தது. அதை நடத்திய மிஸ்திரி பீகாரைச் சேர்ந்தவர், என் வயதுக்காரர். டயர்களைப் பார்த்ததும், மட்கார்டை வெட்டாமல் இது நடக்காது என்றார். வெட்ட வேண்டாம், ஸ்பிரிங்கை உயர்த்தினால் போதும் என்றேன் நான். டிஸ்க்குகள் அதே மாதிரி ஜீப்பிலிருந்து வந்தவை என்பதால் சக்கரங்கள் அச்சில் சிக்கலில்லாமல் உட்கார்ந்தன. ஆனால் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தால் முன் டயர் உள்பக்கம் பட்டை ஸ்பிரிங்கில் உரசியது. பள்ளத்தில் இறங்கினால் மட்கார்டின் விளிம்பு டயரைச் சீவியது. ஸ்பிரிங்கைத் தாங்கும் கொக்கிகளை நீளமாக அடித்துப் போட்டு வண்டியைத் தூக்கினோம். அப்போதும் உரசியது. கடைசியில் வெட்டினோம். வெட்டிய பிறகு, இவ்வளவு வெட்டியிருக்க வேண்டாம் என்று இருவருக்குமே தோன்றியது. ஸ்டியரிங் ஓரளவுக்கு மேல் ஒடியாதபடி ஒரு போல்ட்டை முட்டுக் கொடுத்து ஒருவழியாக முடித்தோம்.

நடுவில் ஒன்று நடந்தது. பழைய டியூப்களை நம்ப வேண்டாம் என்று நான்கு சக்கரங்களுக்கும் புதிய டியூப் போடச் சொல்லியிருந்தேன். முதல் டயரை டிஸ்க்கிலிருந்து நெம்பிப் பிரித்ததும் உள்ளேயிருந்து மணல் கொட்டியது. நம் ஊர் ஆற்றுமணல்போல் இல்லை. மாவு மாதிரி நைசாக, வெள்ளி கலந்ததுபோல் மினுங்கும் சாம்பல்நிற மணல். நான்கிலும் அதே மணல். "மலை ஆத்து மணல்," என்றார் மிஸ்திரி. "ரொம்ப நாள் தண்ணியில கிடந்திருக்கணும். இல்லாட்டி இவ்வளவு உள்ள போகாது." பெருக்கி ஓரமாகத் தள்ளினார். ஒரு டிஸ்க்கின் விளிம்பு உள்வாங்கி வளைந்திருந்தது. அதைத் தட்டி நிமிர்த்தினார். ஆறுகளைக் கடந்து வந்த சக்கரங்கள் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஐந்தாவதில் காற்று இல்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அப்படியே ஸ்டெப்னியாகப் பின்னால் மாட்டினோம்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவிதான் குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் சூட்டுக்கோலால் சுட்ட ஒரு சிறு குறி இருந்தது. லாரிக்காரர்கள் திருட்டுக்குப் பயந்து இப்படி எண் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். இது எண் இல்லை.

"வங்காள 'மி' போட்டிருக்குங்க," என்றாள். "வெறும் 'மி'. யாரோ பேரு போல."

ஜீப் இப்போது வேறு வண்டியாகிவிட்டது. ஸ்டியரிங் கனத்தது. பிரேக் பிடித்தால் நினைத்த இடம் தாண்டிப்போய் நின்றது. ஸ்பீடாமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டியது. தார் ரோட்டில் வேகம் கூடினால் டயர்களிலிருந்து ஒரு நீண்ட முனகல் எழும். பட்டன் டயர்கள் எல்லாமே அப்படித்தான் சத்தம் போடும் என்று எனக்குத் தெரியும், அதை அவளிடமும் சொன்னேன். "சரி," என்றாள். ஆனால் அந்த முனகல் தொடங்கினால் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள். தட்டி நிமிர்த்திய டிஸ்க் இருந்த பக்கம் வண்டி எப்போதும் லேசாக இழுத்தது. இரண்டு முறை சரி பார்த்தும் போகவில்லை.

துர்கா பூஜைக்கு முந்தைய வாரங்களில் ஒரு மாலை, கரியாஹாட் கடைத்தெருவில் அவள் துணி எடுக்கப் போயிருந்தாள். நான் ஒரு சந்துமுனையில் ஜீப்பை நிறுத்தி உட்கார்ந்திருந்தேன். நடைபாதைக் கடைகளின் கூட்டம் ரோட்டில் வழிந்துகொண்டிருந்தது. முன்சக்கரத்தின் பக்கம் யாரோ உட்கார்ந்திருப்பது தெரிந்து எட்டிப் பார்த்தேன். கண்ணாடி போட்ட இளைஞர், முப்பது வயதுகூட இருக்காது. தோளில் துணிப்பை. குந்தி உட்கார்ந்து, டயரின் அந்தச் சூட்டுக்குறிமேல் கட்டைவிரலை வைத்திருந்தார்.

"என்ன வேணும்?" என்றேன் ஹிந்தியில்.

அவர் நிமிரவில்லை. வங்காளத்தில் ஏதோ கேட்டார். நான் விழிப்பதைப் பார்த்து ஹிந்திக்கு மாறி, வங்காளத்தில் அண்ணனை அழைக்கும் சொல்லால் என்னை அழைத்துக் கேட்டார். "தாதா, இந்தச் சக்கரம் உங்களுக்கு எங்க கிடைச்சுது?"

"வாங்கினேன். ஏன்?"

"இந்த எழுத்தைச் சுட்டப்போ டயரை அசையாம பிடிச்சிட்டிருந்தது நான்தான்," என்றார். வலது கையைத் திருப்பிக் காட்டினார். உள்ளங்கை ஓரத்தில் ஒரு பழைய சூட்டுத் தழும்பு.

அந்த நேரம் பார்த்து என் மனைவி பைகளோடு வந்துவிட்டாள். அவர் எழுந்து அவளை "பௌதி" என்று அழைத்துப் பேசத் தொடங்கினார். அண்ணி என்று அர்த்தம், அங்கே முன்பின் தெரியாதவர்களையும் அப்படித்தான் அழைப்பார்கள். இரண்டு மூன்று வாக்கியங்களுக்குள் அவள் முகம் மாறியது. போக்குவரத்துக் காவலர் விசில் ஊதி வண்டியை எடுக்கச் சொன்னார். "அவரை முன்னாடி ஏத்திக்கோங்க. ஏரிப் பக்கம் போகலாம்," என்று சொல்லிவிட்டு அவள் பின்னால் ஏறிக்கொண்டாள்.

ஏரிக்கரையில் ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து அவர் சொன்னார். அவள் அவ்வப்போது எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். அவருடைய அண்ணன் ஜீப் வைத்திருந்தவர். வடக்கே, மலையடிவாரத்தில், நிலம் அளக்கப் போகிறவர்களையும் காட்டு பங்களாக்களுக்குப் போகிறவர்களையும் ஏற்றிப் போவது அவர் தொழில். மழைக்காலம் அங்கே ஜீப்போடு, மற்ற மாதங்களில் சில வாரங்கள் இங்கே குடும்பத்தோடு. ஆறுகளைக் கடப்பதற்காக இந்தப் பெரிய டயர்களைத் தேடிப் பிடித்துப் போட்டார். மகளின் செல்லப்பெயரில் முதல் எழுத்தை ஐந்திலும் சுட்டார். சில வருடங்களுக்கு முன், மழை விட்டிருந்த ஒரு காலையில், ஆற்றோர முகாம் ஒன்றிலிருந்து சிலரைக் கூட்டிவர சிலிகுரியிலிருந்து கிளம்பினார். முகாமுக்குப் போய்ச் சேரவில்லை. வழியில் யாரும் பார்க்கவில்லை. வண்டியும் கிடைக்கவில்லை, அவரும் கிடைக்கவில்லை. பிழைத்து எங்கோ நினைவு தவறி இருக்கிறார் என்று அம்மா நம்புகிறார். யாரோ கடத்திப் போயிருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். வேறு பெண்ணோடு போய்விட்டார் என்றும் சிலர் சொன்னார்கள்.

"இன்னிக்கு வரைக்கும் ஒரு சட்டைப் பொத்தான்கூடக் கிடைக்கலை," என்றார். "முதல்ல கிடைச்சது இதுதான்."

நான் கேட்டுக்கொண்டிருந்தபோதே அந்த மணல் என் கண்முன் கொட்டியது. அவர் பக்கத்திலேயே இருக்க, நான் அவளிடம் தமிழில் சொன்னேன்.

"டயருக்குள்ள மணல் இருந்துச்சு. ஆத்து மணல். தண்ணியில ரொம்ப நாள் கிடந்திருக்கணும்னு மிஸ்திரி சொன்னார்."

அவள் ஏரியைப் பார்த்தபடி, குரல் மாறாமல் பதில் சொன்னாள். "இப்ப சொல்லாதீங்க. அவர் முகத்தைப் பாருங்க."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொல்றார்?" என்று அவளிடம் கேட்டார்.

"உங்க வீடு எங்கன்னு கேட்கிறார்," என்றாள்.

நம் மொழி தெரியாத ஒருவர் முன் நம் மொழியில் பேசுவது அந்த ஊரில் எங்களுக்குப் பழக்கமான சௌகரியம். அன்று அது எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் தன் வீடு எங்கிருக்கிறது என்று எனக்கு விளக்கமாக, கையால் காற்றில் வரைந்து காட்டிச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு காலை அவர் வந்தார். கூடவே ஒரு பெண். அண்ணனின் மனைவி. புறநகரில் ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியை. கஞ்சி போட்ட பருத்திப் புடவை, வகிட்டில் குங்குமம். அழுதுகொண்டு வருவார் என்று நாங்கள் எங்களைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தோம். அவர் நேராக ஜீப்பிடம் போய் ஒவ்வொரு சக்கரத்தையும் பார்த்தார், தொடவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பிறகு என் மனைவியை அக்கா என்று அழைத்துக் கேட்டார்.

"அவர் டியூப் மாத்தும்போதெல்லாம் டயருக்குள்ள துணி போட்டுத் துடைப்பார். ஒரு துளி மண்ணு இருந்தாலும் டியூப் அறுந்துடும்னு சொல்வார். நீங்க திறந்தப்போ உள்ள சுத்தமா இருந்துச்சா, தீதி?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். எனக்கு மொழிபெயர்க்கவில்லை. ஆனாலும் கேள்வி எனக்குப் புரிந்தது. அவள் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். 'பாலி' என்ற சொல் மட்டும் எனக்குக் கேட்டது. மணல்.

காணாமல் போனவரின் தம்பி எழுந்து வாசலுக்குப் போனார். அந்த அம்மாள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார், பள்ளியில் ஒரு குழந்தை சொல்வதைக் கேட்பதுபோல. பிறகு, "இன்னும் திறக்காதது ஏதாவது இருக்கா?" என்றார்.

ஸ்டெப்னி இருந்தது. நால்வரும் பட்டறைக்குப் போனோம். விஷயத்தைச் சொன்னதும் மிஸ்திரி கையிலிருந்த புகையிலையைக் கீழே போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தார். டயரைத் தரையில் கிடத்தி, நெம்புகோல்களைச் செருகிச் சுற்றிவந்து பிரித்தார். அதே மணல். முதலில் கொஞ்சம், பிறகு டயரைச் சாய்த்ததும் ஒரு குவியலாக. வெயிலில் மினுங்கியது. தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அம்மாள் குனிந்து பார்த்தார். எடுக்கவில்லை.

"ஒரு சக்கரத்துக்கு எத்தனை நட்டு?" என்று கேட்டார்.

"அஞ்சு," என்றார் மிஸ்திரி.

"கழட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

"இப்பன்னா சட்டுனு கழட்டிடலாம். தண்ணியில கிடந்து துரு ஏறியிருந்தா..." அவர் தயங்கினார். "எண்ணெய் விட்டு, தட்டித் தட்டித்தான் எடுக்கணும். அஞ்சு சக்கரமும்னா அரை நாள் ஆயிடும் தீதி."

"அரை நாள்," என்றார் அவர். "அரை நாள் அங்க உட்கார்ந்திருந்தவன் வண்டிக்குள்ள பார்த்திருப்பான்."

பின்னால் ஒரு லோக்கல் ரயில் போனது. அது போய் முடியும்வரை காத்திருந்துவிட்டு அவர் மறுபடி சொன்னார். என் மனைவி அதை எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தமிழில் சொன்னாள். "எனக்கு இந்த டயர் வேண்டாம், மணல் வேண்டாம். கழட்டினவனைப் பார்க்கணும். அவனுக்குத் தெரியும்."

நானும் தம்பியும் சாமான் கடைக்குப் போனோம். கடைக்காரர் எதையும் மறைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. வடக்கேயிருந்து வரும் லாரிகள் பழைய இரும்பை மொத்தமாக இறக்கிவிட்டுப் போகும், அதில் வந்தது என்றார். எந்த லாரி, யார் ஏற்றினார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. இஞ்சின் வந்ததா, கதவு வந்ததா என்று தம்பி கேட்டுக்கொண்டே இருந்தார். "சக்கரம் மட்டும்தான் வந்துச்சு பாபு," என்றார் கடைக்காரர். காவல் நிலையத்தில் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். வழக்கு வடக்கே இருக்கிறது, இங்கிருந்து தகவல் அனுப்புவோம் என்றார்கள். ஸ்டெப்னியைச் சாட்சிப் பொருளாக வைத்துக்கொண்டார்கள். பிறகு பல மாதங்கள் நான் ஆபீஸ் போகும் வழியில், அந்த நிலையத்து வளாகத்தில், பறிமுதல் செய்த ஸ்கூட்டர்களுக்கு நடுவே அது கிடப்பதைப் பார்ப்பேன். நடுவில் புல் முளைத்திருந்தது.

மற்ற நான்கையும் அவர்களிடமே கொடுத்துவிடுகிறேன் என்றேன். அம்மா கண்ணில் பட்டால் நல்லதல்ல, கொஞ்ச நாள் உங்களிடமே இருக்கட்டும் என்றார் தம்பி. வண்டியில் வைத்து ஓட்ட என்னால் முடியவில்லை. என் மனைவி அதில் ஏறுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். அவள் அதைச் சொல்லவில்லை, ரிக்ஷாவில் போய்வரத் தொடங்கினாள். மழை வந்து எங்கள் தெருவில் தண்ணீர் நின்ற நாளில் மட்டும் நான் ஜீப்பை எடுத்தேன். இதற்காகத்தானே அந்த டயர்களையே வாங்கினேன்? தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வண்டி அழகாகப் போனது. தெருப்பிள்ளைகள் கத்தி ஆரவாரம் செய்தார்கள். பாதித் தெருவில், சக்கரம் தண்ணீருக்குள் இருப்பது மட்டுமே என் நினைவில் இருந்தது. வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, பேண்ட்டைச் சுருட்டாமல்கூட இறங்கி நடந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். தண்ணீர் வடிந்த பிறகு மிஸ்திரிதான் போய் எடுத்து வந்தார்.

பழைய ஒல்லி டயர்களை மறுபடி மாட்டினோம். தூக்கிய ஸ்பிரிங்கும் வெட்டிய மட்கார்டுமாக, ஜீப் அண்ணன் சட்டையைப் போட்ட பையன் மாதிரி இருந்தது. பெரிய டயர்கள் நான்கும் மாடிப்படிக்கு அடியில் போயின. ஒழுகும் மூலை அது. அடுத்த மழைக்காலத்தில் நகராட்சி ஆட்கள் மலேரியாவுக்கு மருந்தடிக்க வந்தபோது, டயர்களுக்குள் தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு நெளிவதைக் கண்டுபிடித்துக் கோபித்துக்கொண்டார்கள். "எடுத்து வெளியே போடுங்க," என்றார்கள். என் மனைவி வங்காளத்தில் என்ன பதில் சொன்னாளோ, தாங்களே ஒவ்வொன்றாகச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போனார்கள்.

எனக்கு வேறொரு தொந்தரவு ஆரம்பித்திருந்தது. ரோட்டோரம் யாராவது சக்கரத்தின் முன் குந்தி உட்கார்ந்து நட்டுக் கழற்றிக்கொண்டிருந்தால், என்னால் அதைத் தாண்டிப் போக முடியாது. டிராமில் போனாலும் திரும்பி அந்த ஆளின் முகம் தெரியும்வரை பார்ப்பேன். மனக்கண்ணில் வற்றிய ஆற்றுப் படுகை, மணலில் பாதி புதைந்த ஜீப், பக்கத்தில் ஒருவன் குனிந்து தட்டிக்கொண்டிருக்கிறான். அவ்வப்போது நிமிர்ந்து உள்ளே பார்க்கிறான், பிறகு மறுபடி வேலையைத் தொடர்கிறான். அவனுக்கு நான் எவ்வளவு முயன்றும் ஒரு முகம் வரவில்லை. நான் அவனுடைய வாடிக்கையாளன் என்ற எண்ணமும் கூடவே வரும்.

சில வருடங்கள் கழித்து ஒருநாள் தம்பி வந்து டயர்களைக் கேட்டார். தன் வேலையை விட்டிருந்தார். அண்ணன் வைத்திருந்த மாதிரியே ஒரு பழைய ஜீப்பை வடக்கே வாங்கியிருந்தார்.

"இதைப் போட்டு அந்த ரோட்டுலயே ஓட்டப் போறேன், தாதா," என்றார். "நான் கரியாஹாட்டுல பார்த்து நின்ன மாதிரி, அங்க ஒருத்தன் நிப்பான். அவனுக்கும் இந்த எழுத்து தெரியும்."

நான் தடுக்கப் பார்த்தேன். பல வருடங்களாகிவிட்டன, டயர்களில் வெடிப்பு விழுந்திருக்கிறது, நம்பி ஓட்டக்கூடாது என்றேன். அவர் சிரித்தார். நானும் மிஸ்திரியும் சேர்ந்துதான் அவற்றை லாரி ஆபீஸ் வரை கொண்டுபோய் ஏற்றினோம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஆபீஸ் வேலையாகச் சிலிகுரிக்குப் போக வேண்டியிருந்தபோது அவரைப் பார்த்தேன். உடல் கறுத்து, தாடி விட்டு, பேச்சே மாறியிருந்தார். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போவதுதான் இப்போது பிழைப்பு. என்னை ஏற்றிக்கொண்டு அந்தச் சாலையில் போனார். அந்த முனகலை மறுபடி கேட்டேன். சாலையோரம் இருந்த ஒவ்வொரு பஞ்சர் கடையிலும், ஒவ்வொரு இரும்புக் கடையிலும் நிறுத்தினார். டீ வேண்டுமா என்பார், ரேடியேட்டருக்குத் தண்ணீர் என்பார். இறங்கி, வண்டியின் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொள்வார்.

"அவங்க வண்டியைப் பார்க்கறப்போ கண்ணு எங்க போகுதுன்னு பாருங்க," என்றார் என்னிடம்.

எல்லோருடைய கண்ணும் சக்கரத்துக்குத்தான் போனது. அவ்வளவு பெரிய சக்கரத்தை யார்தான் பார்க்க மாட்டார்கள்? ஒரு கடையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு நடுவயதுக்காரர் நெடுநேரம் பார்த்தார், பிறகு எழுந்து கடைக்குள் போய்விட்டார். "அவரா?" என்றேன். "இல்லை, அவர் எப்பவும் அப்படித்தான்," என்றார் தம்பி. "போன வருஷமே விசாரிச்சுட்டேன்." ஆற்றுப்பாலத்தில் நிறுத்திக் கீழே காட்டினார். மழைக்காலம் முடிந்திருந்தது. அகன்ற படுகையில் தண்ணீர் ஓரமாக ஒடுங்கி ஓடியது. மீதியெல்லாம் மணல், கண் கூசும் அளவுக்கு மினுங்கியது. அதில் லாரிகள் இறங்கி மணல் அள்ளிக்கொண்டிருந்தன. நான் இறங்கவில்லை.

அவர் அங்கேயே திருமணம் செய்துகொண்டு தங்கிவிட்டதாகப் பிறகு தெரிந்தது. டயர்கள் எப்போது ஓய்ந்தன, வேறு மாற்றினாரா என்று நான் கேட்கவில்லை.

பழைய வண்டிகள் நகரத்துக்குள் ஓடக்கூடாது என்று உத்தரவு வந்த சமயம், எனக்கும் மாற்றல் வந்தது. ஜீப்பைக் கிராமப்புறத்தில் செங்கல் சூளை வைத்திருந்த ஒருவர் வாங்கிப் போனார். ஊரைவிட்டுக் கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்பு, புறநகரில் இருந்த அவள் உறவினர்களிடம் சொல்லிக்கொண்டு வருவதற்காகப் புறப்பட்டோம். பாலிகஞ்ச் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அந்த அம்மாளைப் பார்த்தோம். தலை நரைத்திருந்தது. வகிட்டில் குங்குமம் அப்படியே இருந்தது. கூடவே அவரைவிட உயரமாக ஒரு பெண், காதில் இயர்போன், கையில் கல்லூரிப் புத்தகங்கள்.

என் மனைவி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் வங்காளத்தில் வேகமாகப் பேசினார்கள். மாமியார் இறந்துபோனதை அவர் சொன்னார். மகள் எங்களை யாரென்று தெரியாமல் பார்த்துப் புன்னகைத்தாள். அம்மா அவளிடம் எங்களை எப்படி அறிமுகம் செய்வது என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, "ரொம்ப நாளா தெரிஞ்சவங்க," என்று மட்டும் சொன்னார்.

மகள் டிக்கெட் வாங்கப் போனதும், "வேற ஏதாவது தகவல் வந்துச்சா, தீதி?" என்று என் மனைவி கேட்டாள்.

அவர் இல்லையென்று தலையசைத்தார். என் மனைவியின் கண் தன் வகிட்டில் போய் நிற்பதைப் பார்த்திருக்க வேண்டும். தானாகவே சொன்னார். இந்த முறை எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"காத்துக்கிட்டிருக்கேன்னு இல்லை. எனக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியும். ஆனா பார்த்தவன் யாரும் வந்து எங்கிட்ட சொல்லலையே."

மகள் டிக்கெட்டோடு வந்தாள். தெற்கே போகும் லோக்கல் வந்து நின்றது. பெண்கள் பெட்டியில் கூட்டம் நெருக்கியது. மகள் முதலில் ஏறி, கையை நீட்டி அம்மாவைத் தூக்கிவிட்டாள்.